பழைய மாண்டலினுக்குப் புது பிரிட்ஜ்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வீணை மெழுகு பத்தி எழுதுனதுக்கு அப்புறம் வந்த கடுதாசில முக்கால்வாசி மாண்டலின் பத்திதான். அதுலயும் எல்லாரும் சுத்திச் சுத்தி பிரிட்ஜைத்தான் கேக்குறீங்க, அதாங்க மேல்பலகை மேல நின்னு கம்பியைத் தாங்குற கட்டை, வீணைக்காரங்க குதிரைன்னு சொல்ற சாமான். அதனால இந்த வாட்டி முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு.

தேவகோட்டை வாசகர்: அண்ணே, எங்க ஐயா ரங்கூன்ல கடை வெச்சிருந்த காலத்துல வாங்குன மாண்டலின் ஒண்ணு வீட்டுல இருக்கு. முதுகு உருண்டையா, பட்டை பட்டையா மரம் ஒட்டுனது. ரொம்ப வருஷமா ரெண்டாங்கட்டு அலமாரி மேலயே கிடந்துச்சு. இப்ப கம்பி மாத்தி வாசிச்சா சத்தம் அமுங்கிப்போய் வருது, மேல் கம்பி மட்டும் கீச்சுங்குது. ஒரு கடையில காட்டுனேன், பழைய பிரிட்ஜைக் கடாசிட்டு திருகு வெச்ச புது பிரிட்ஜ் போட்டா சவுண்டு அள்ளும்னு சொல்றாங்க. போடலாமா?

பதில்: வேணாம் தம்பி, அந்தத் திருகு பிரிட்ஜ் உங்க மாண்டலினுக்கு ஆகவே ஆகாது. அது வேற ஜாதி வாத்தியத்துக்குன்னு வந்தது. முதுகு உருண்டையா வர்றது இத்தாலி நேபிள்ஸ் ஊரு பாணி. திருகு பிரிட்ஜ் அமெரிக்காவுல மேல்பலகையை வயலின் கணக்கா மேடா செதுக்கிச் செய்யிற மாண்டலினுக்கு வந்தது, கிப்ஸன் கம்பெனிக்காரங்க 1921-ல அந்த உயரம் மாத்துற பிரிட்ஜுக்கு பேட்டன்ட் வாங்குனாங்க. செதுக்கு மாண்டலின்ல கழுத்தைப் பின்னாடி சாய்ச்சு வெச்சிருப்பாங்க, அதனால கம்பி மேல்பலகையிலேருந்து நல்ல உசரத்துல போகும், அந்த உசரத்துக்குத்தான் ரெண்டு பித்தளைத் திருகும் ரெண்டு சக்கரமும். உங்க உருண்டை முதுகுல கம்பிக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் இடமே இருக்கும், திருகு பிரிட்ஜை எவ்வளவு இறக்குனாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கீழ இறங்குறது கஷ்டம், போட்டீங்கன்னா கம்பி ஃபிரெட்டை (கழுத்துல குறுக்க பதிச்சிருக்கிற உலோகக் கோடு) விட்டு அந்தரத்துல நிக்கும், விரலு நொந்துரும்.

சரி, சத்தம் ஏன் அமுங்குது? பிரிட்ஜோட வேலை ஒண்ணே ஒண்ணுதான், கம்பியோட ஆட்டத்தை மேல்பலகைக்கு இறக்கிவிடணும். மாண்டலின்ல பிரிட்ஜை ஒட்டுறது கிடையாது, கம்பி அழுத்துற அழுத்தத்துலதான் அது நிக்கிது. லைட் கம்பி செட்டு போட்டாலே நாலு ஜோடியா இருக்கிற எட்டு கம்பியும் சேந்து இழுக்கிற இழுவை 60, 70 கிலோகிட்ட வரும், அதுல ஒரு பங்கு பிரிட்ஜ் வழியா பலகை மேல கீழ்நோக்கி அழுத்தும். அந்த அழுத்தம் பிரிட்ஜோட அடிப்பக்கம் முழுசுக்கும் பரவுனாத்தான் ஆட்டம் முழுசா இறங்கும். பழைய மாண்டலின்ல என்ன ஆகுதுன்னா, காலப்போக்குல மேல்பலகை கொஞ்சம் அமுங்கிரும், பிரிட்ஜ் அப்படியே இருக்கும், அப்ப பலகையை ரெண்டு ஓரம் மட்டுந்தான் தொடும், இல்ல நடு மட்டும் தொடும், மிச்சமெல்லாம் காத்து. சத்தத்துக்குப் போக வழியில்ல.

அதனால மரம் மாத்தலாமா எலும்பு போடலாமான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி பிரிட்ஜ் கால் பலகையில ஒட்டுதான்னு பாருங்க. என்னைக் கேட்டா பழைய மாண்டலின் சத்தத்துல பெரிய வித்தியாசம் வர்றது இங்கதான், மரமும் எடையும் அதுக்கு அப்புறந்தான். கம்பி ஏத்துன நிலையிலேயே மெல்லிசான காகிதத்தைப் பிரிட்ஜ் அடியில நாலு பக்கமும் விட்டுப் பாருங்க, காகிதம் உள்ள போச்சுன்னா அங்க தொடல. இன்னும் தெளிவாத் தெரியணும்னா கார்பன் பேப்பர் வைக்கலாம். கம்பியைத் தளத்திட்டு பிரிட்ஜ் இருக்கிற இடத்துல ஒரு வெள்ளைத் தாளு, அது மேல கார்பன் மையிப் பக்கம் மேல பாத்தாப்ல, அதுக்கும் மேல பிரிட்ஜை வெச்சு மறுபடி கம்பியை இழுத்து சுருதி சேத்துட்டு, லேசா தட்டித் தட்டி வாசிச்சிட்டு எடுத்துப் பாத்தீங்கன்னா பிரிட்ஜோட அடியில எங்கெங்க மை ஏறியிருக்கோ அதுதான் தொடுற இடம். ஒழுங்காப் பொருந்துன பிரிட்ஜுல பட்டையா, முழு நீளத்துக்கும் மை விழுந்திருக்கும். பொருந்தாததுல ரெண்டு ஓரத்துலயும் மிளகு அளவுக்குப் புள்ளி, நடுவுல மரத்தோட நிறமே மாறாம கிடக்கும்.

உங்களுது அப்படி இருந்தா பழைய பிரிட்ஜைக் கடாச வேண்டியதில்ல, அதையே பொருத்தலாம். 100 நம்பர் உப்புத்தாளை சொரசொரப்பு மேல இருக்கிற மாதிரி, பிரிட்ஜ் நிக்கிற அதே இடத்துல மேல்பலகை மேல வெச்சு, பிரிட்ஜை அது மேல கம்பி போற திசையில முன்னும் பின்னும் சின்னச் சின்னதா தேய்க்கணும். அப்பத்தான் பலகையோட வளைவு அப்படியே பிரிட்ஜ் கால்ல இறங்கும். பிரிட்ஜ் முன்னாடி பின்னாடி சாயக் கூடாது, சாஞ்சா கால் உருண்டையாயிரும், அதைச் சரி பண்ண உசரத்தைத்தான் பலி குடுக்கணும். கை ஆடும்னா பிரிட்ஜுக்கு முன்னாடி பின்னாடி ஒரு சின்ன மரக்கட்டையை ஒட்டிக்கிட்டு தேய்ங்க. முடியப்போற நேரத்துல 220-க்கு மாறிக்கங்க. உப்புத்தாள் நகராம இருக்க டேப் போட்டு ஒட்டலாம்னு பல பேர் சொல்லுவாங்க, புது வாத்தியத்துல சரி, பழைய வார்னிஷ் டேப்போட சேந்து உரிஞ்சு வந்துரும், அதனால வீட்டுல ஒருத்தரை ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கச் சொல்லுங்க.

இதைச் செஞ்சும் உசரம் பத்தாமப் போச்சு, இல்ல பிரிட்ஜ் விரிசல் விட்டிருக்கு, கம்பி உக்கார்ற பொழி ஆழமா வெட்டிப் போச்சுன்னாத்தான் புதுசு. அப்பவும் பழசோட அகலம், நீளம், கம்பி இடைவெளி எல்லாத்தையும் அளந்து அதே மாதிரி கருங்காலி மரத்துல இல்ல ஈட்டி மரத்துல (ரோஸ்வுட்) ஒரே துண்டாச் செஞ்சு, உச்சியில மெல்லிசா மாட்டெலும்பு பதிச்சுக்கங்க. பழசுல பதிச்சிருக்கிறது தந்தமா இருக்க வாய்ப்பிருக்கு, அந்தக் காலத்துல போட்டிருக்காங்க. அதை விக்கிறதோ புதுசா வாங்குறதோ சட்டப்படி கூடாது, அந்தப் பக்கமே போவேணாம்.

இன்னொரு சங்கதி. உருண்டை முதுகுல மேல்பலகை நேரா இருக்காது, பிரிட்ஜுக்குச் சத்தே பின்னாடி ஒரு மடிப்பு விழுந்து கீழ இறங்கும். தடவிப் பாத்தாலே விரலுக்குத் தெரியும். பிரிட்ஜ் எப்பவும் அந்த மடிப்புக்கு முன்னாடி, ஓட்டைப் பக்கந்தான் நிக்கணும். சுருதி சேரலன்னு பிரிட்ஜைத் தள்ளித் தள்ளி மடிப்பைத் தாண்டிக் கொண்டுபோனா பலகையே இறங்கிரும். கம்பியும் கனமானது போடாதீங்க, இன்னிக்குக் கடையில சாதாரணமா கிடைக்கிற மீடியம் செட்டு செதுக்கு மாண்டலினுக்கு உள்ளது, அதை இந்த வாத்தியத்துல ஏத்துனா கழுத்து முன்னாடி வளையும், பலகை அமுங்கும், ஐயா வாங்கி வந்த பொருள் போயிரும். மெல்லிசான மேல் கம்பி, அதான் ஈ கம்பி, 0.009 இன்ச்சுல ஆரம்பிக்கிற எக்ஸ்ட்ரா லைட் செட்டு கேட்டு வாங்குங்க. உங்களுக்குக் கீச்சுங்குற சத்தத்துக்குப் பாதிக் காரணம் கம்பியாவும் இருக்கலாம்.

கானாடுகாத்தான் வாசகர்: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடையில ஒரு மாண்டலின் எடுத்தேன். மேல் பலகை மேடா இருக்கு, ரெண்டு பக்கமும் எஃப் மாதிரி ஓட்டை. பிரிட்ஜை யாரோ ஃபெவிகால் போட்டு ஒட்டி வெச்சிருக்காங்க, அதுவும் கோணலா. சுருதி சேரவே மாட்டேங்குது. எடுக்கலாமா, எடுத்தா மரம் பிஞ்சிருமா?

பதில்: எடுத்தே ஆகணும், ஆனா இழுத்துப் பிடுங்கிறாதீங்க. பலகையோட நார் பிரிட்ஜோட சேந்து வந்துரும், அந்தக் காயம் ஆறாது. முதல்ல கம்பி எல்லாத்தையும் கழட்டிருங்க. ஃபெவிகால் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். ஒரு பழைய மெல்லிசான டேபிள் கத்தியை சுடுதண்ணியில முக்கித் துடைச்சிட்டு, பிரிட்ஜோட ஓரத்துல ஒட்டு தெரியிற இடத்துல சும்மா வெச்சு அழுத்துங்க, அறுக்காதீங்க. சூடு ஆறுனா மறுபடி முக்குங்க. கொஞ்சங் கொஞ்சமா கத்தி உள்ள போகும். ஈரம் வார்னிஷ் மேல தேங்கக் கூடாது, உடனுக்குடனே துடைக்கணும், பழைய வார்னிஷ் வெள்ளையாப் பூத்துரும். ஒரு சாயங்காலம் முழுக்க ஆகும், ஆகட்டும். அது ஃபெவிகால் இல்ல, மஞ்சளா கண்ணாடி கணக்கா இறுகுன எபாக்ஸின்னா நீங்க தொடாதீங்க, வாத்தியம் ரிப்பேர் பண்ற கைதேர்ந்தவங்ககிட்ட குடுங்க.

எடுத்ததுக்கு அப்புறம் அதே இடத்துல திருப்பி வெச்சிறாதீங்க, ஒட்டுனவங்க இடத்தையே தப்பா வெச்சிருக்காங்கன்னு நீங்க சொல்றதுலயே தெரியுது. நட்டுலேருந்து (கழுத்து உச்சியில கம்பியைத் தாங்குற சின்னக் கட்டை) பன்னெண்டாம் ஃபிரெட் வரைக்கும் எவ்வளவு தூரமோ அதே தூரம் பன்னெண்டாம் ஃபிரெட்லேருந்து பிரிட்ஜ் வரைக்கும் இருக்கணும், கூட ரெண்டொரு மில்லி. அங்க வெச்சிட்டு கம்பி ஏத்தி சுருதி சேத்து, பன்னெண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேல விரலை அமுக்காம சும்மா தொட்டு மீட்டி ஹார்மானிக் (மணி மாதிரி வர்ற சத்தம்) எடுங்க, அப்புறம் அதே ஃபிரெட்டை அமுக்கி வாசிங்க. ரெண்டும் ஒண்ணாக் கேக்கணும். அமுக்குனது ஏறிக் கேட்டா பிரிட்ஜை வால் பக்கம் (கழுத்துக்கு எதிர்ப்பக்கம்) தள்ளுங்க, இறங்கிக் கேட்டா கழுத்துப் பக்கம். தடிமனான ஜி கம்பிப் பக்கம் ஈ கம்பிப் பக்கத்தைவிட லேசா பின்வாங்கி நிக்கும், அது கோணல் இல்ல, அப்படித்தான் இருக்கணும். போன்ல டியூனர் இருந்தா இன்னும் நல்லது.

உங்களுது திருகு பிரிட்ஜா இருந்தா அதோட மேல் துண்டை, அதான் சேடில், உத்துப் பாருங்க. ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னாடி பின்னாடின்னு படி வெட்டியிருக்கும். ஈ முன்னாடி, ஏ பின்னாடி, டி மறுபடி முன்னாடி, ஜி பின்னாடி. இது இன்னிக்கு வர்ற கம்பிக்கு ஏத்த வெட்டு, ஏன்னா இப்ப ஈயும் ஏயும் வெறுங்கம்பி, டியும் ஜியும் சுத்துக்கம்பி, அதாவது மேல இன்னொரு மெல்லிசான கம்பி சுத்துனது. ரொம்பப் பழைய பிரிட்ஜுல படியே இல்லாம நேரா இருக்கும், இல்லாட்டி ஏ கம்பியும் சுத்துக்கம்பியா வந்த காலத்துக்கு ஏத்தாப்ல வேற மாதிரி படி இருக்கும். உங்களுது அப்படி இருந்தா நீங்க எத்தனை தள்ளுனாலும் நாலு ஜோடியும் ஒரே நேரத்துல சேராது, அப்ப சேடிலை மட்டும் புதுசு பண்ணுங்க, அடிக்கட்டை பழசே இருக்கட்டும். அடிக்கட்டையோட காலை மேல சொன்ன மாதிரியே உப்புத்தாள்ல பொருத்தணும். இதுல ஒரு வித்தியாசம், திருகு பிரிட்ஜுல அழுத்தம் ரெண்டு திருகு வழியாத்தான் இறங்குது, அடிக்கட்டை அந்த பாரத்துல கொஞ்சம் வளையும், அதனால தேய்க்கிறப்ப நடுவுல அமுக்காம திருகு இருக்கிற ரெண்டு இடத்துலயும் விரலு வெச்சு அமுக்கித் தேய்ங்க. சக்கரத்தைத் திருப்புறப்ப எப்பவும் கம்பியைத் தளத்திக்கங்க, இறுக்கமா இருக்கிறப்ப பிளையர் போட்டுத் திருப்புனா மரை போயிரும், சறுக்குனா பலகையில கீறலும் விழும்.

பள்ளத்தூர் வாசகி: எங்க வீட்டு பின்கட்டு இடிச்சப்ப பர்மா தேக்குத் தூணுல ஒரு துண்டும், உடைஞ்ச ஈட்டி மேஜைக் கால் ஒண்ணும் எடுத்து வெச்சிருக்கேன். எம் பேரன் மாண்டலின் கத்துக்கிறான். அவன் மாண்டலினுக்கு இதுல பிரிட்ஜ் செஞ்சா நல்லா இருக்குமா? கருங்காலிதான் உசத்தின்னு சொல்றாங்களே.

பதில்: ஆச்சி, அந்த ஈட்டிக் காலை பத்திரமா வைங்க, அது தங்கம். அத்தனை வருஷம் வீட்டுக்குள்ள காஞ்ச ஈட்டி இன்னிக்குக் காசு குடுத்தாலும் கிடைக்காது, புதுசா வாங்குற மரம் காயாம வந்து பொருத்துன அப்புறம் முறுக்கிக்கிட்டு நிக்கும், இதுக்கு அந்த பயமே இல்ல. தேக்கு வேண்டாம். வீட்டுக்குத் தேக்கை மிஞ்ச மரமில்ல, ஆனா பிரிட்ஜுக்கு அது மெத்து. கம்பி பொழியில ஏறி இறங்கி கொஞ்ச நாள்லயே மரத்தை அறுத்துரும், பொழி ஆழமாகி கம்பி கீழ இறங்கி ஃபிரெட்டுல கிறுகிறுன்னு அடிக்கும். தூணுத் துண்டை விட மனசில்லன்னா அடிக்கட்டைக்கு மட்டும் தேக்கு வெச்சு மேல எலும்பு பதிக்கலாம், ஆனா ஈட்டி இருக்கிறப்ப அது எதுக்கு?

மேஜைக் காலை வெட்டுறப்ப ஆசாரிகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மரத்தோட ரேகை பிரிட்ஜோட நீளவாக்குல, ஒரு பக்க முனையிலேருந்து மறுபக்கம் நேரா ஓடணும். ரேகை குறுக்க போனா மெல்லிசா சீவுன உடனே உடையும். கடைசல் பிடிச்ச காலுன்னா உருட்டுன பகுதியை விட்டுட்டு மேல சதுரமா இருக்கிற இடத்துல எடுக்கச் சொல்லுங்க.

கருங்காலி ஈட்டியைவிடக் கெட்டி, கனமும் கூட. சத்தம் தெளிவா, கெட்டியா வரும், அதுக்காக எல்லா மாண்டலினுக்கும் அதுதான் உசத்தின்னு இல்ல. இப்ப கருங்காலி மாலை போடுற மோகம் வந்ததுலேருந்து என்னென்னமோ கட்டைக்குக் கறுப்புச் சாயம் ஏத்திக் கருங்காலின்னு விக்கிறாங்க. வாங்குறப்ப பஞ்சுல கொஞ்சம் தின்னர் தொட்டு மறைவான இடத்துல அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க, பஞ்சு கறுத்தா சாயம். அசல் கருங்காலித் துண்டைத் தண்ணியில போட்டா பெரும்பாலும் மிதக்காது, அமுங்கிரும்.

எடை பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா பேரனோட மாண்டலினுக்கு எது ஒத்துக்கும்னு அதுலதான் தெரியும். பிரிட்ஜ் கனமாக கனமாக மேல் சுருதி சத்தம் மழுங்கும். வயலின்ல சத்தத்தை அமுக்க பிரிட்ஜ் மேல ஒரு மியூட் மாட்டுவாங்க பாருங்க, அது செய்யிறதும் இதைத்தான், பிரிட்ஜுக்குப் பாரம் ஏத்துது. செலவில்லாம சோதிச்சுப் பாக்கணும்னா துணி காயப்போடுற கிளிப்பை பிரிட்ஜோட நடுவுல மாட்டி வாசிக்கச் சொல்லுங்க. கிளிப்பு போட்டதும் சத்தம் செத்துப்போகும், எடுத்ததும் திறந்துக்கும். அப்படி நல்லா வித்தியாசம் தெரியிற மாண்டலினுக்கு இன்னும் லேசான பிரிட்ஜ் போட்டுப் பாக்குறது வீண் போகாது, ஈட்டியிலேயே நடுவுல குடைஞ்சு, மேல மெல்லிசாச் சீவிச் செய்யலாம். கிளிப்பு போட்டதும் அந்தக் கீச்சு போயி காதுக்கு இதமா இருக்குன்னு பட்டா கருங்காலிப் பக்கம் போங்க. அமெரிக்காவுல சில பேரு திருகே இல்லாம மேப்பிள் மரத்துல ஒரே துண்டாச் செஞ்ச பிரிட்ஜைத்தான் விரும்பிப் போடுறாங்க, லேசா இருக்கும்ங்கிறதுக்காக. மேப்பிள் நம்ம ஊருல விளையாது, ஆனா வயலின் கடையில செல்லோ (பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) பிரிட்ஜுக்குன்னு வர்ற வெட்டாத துண்டு மேப்பிள்தான், அதை வாங்கிச் செதுக்கலாம். ரெண்டு பிரிட்ஜையும் வெச்சு எடை பாக்க நகைக்கடை தராசு போதும், சமையக்கட்டு தராசுல இந்த வித்தியாசம் தெரியாது.

கோட்டையூர் வாசகர்: வீணை செய்யிற ஆசாரி ஒருத்தர் எங்க மாண்டலினுக்குப் பிரிட்ஜ் செஞ்சு குடுத்தாரு. வேலை ரொம்ப சுத்தம், கருங்காலி, மேல எலும்பு. ஆனா வாசிச்சா ஜுய்ங்குன்னு இரைச்சல் கூடவே வருது. மரம் சரியில்லையா?

பதில்: மரமும் சரி, ஆசாரியும் சரி. இரைச்சல் வர்றது உச்சியோட உருவத்துல. வீணைக் குதிரை மேல அகலமா ஒரு உலோகத் தகடு இருக்கும், தகடுல லேசா ஒரு வளைவு, கம்பி அது மேல படிஞ்சு படாம ஓடும், அந்த இரைச்சல்தான் வீணைக்கு அழகே. வீணை வித்வான் காரைக்குடி சாம்பசிவ ஐயர் வாசிச்ச ஊரு பக்கத்துல கைபழகுன ஆசாரிக்கு உச்சியை அகலமா, வளைவா முடிக்கிறதுதான் கையில வரும். மாண்டலினுக்கு நேர் எதிர். கம்பி பிரிட்ஜை விட்டுக் கிளம்புற இடம் ஒரே ஒரு கோடா, கூர்மையா இருக்கணும்.

அரம் எடுத்து ஒவ்வொரு பொழியையும் வால் பக்கம் சரிவா இறங்குற மாதிரி ராவச் சொல்லுங்க, முன்பக்க விளிம்புலதான் கம்பி உக்காரணும். பொழியோட ஆழம் கம்பியோட கனத்துல பாதிதான் இருக்கலாம், முழுசா உள்ள புதைஞ்சா சத்தம் மங்கும், கம்பியும் மாட்டிக்கிட்டு சுருதி சேக்குறப்ப டிக் டிக்குன்னு குதிக்கும். ராவி முடிச்சதும் பென்சில் முனையைப் பொழியில ஓட்டிவிடுங்க, கம்பி வழுக்கிப் போகும். இரைச்சல் இதோட போயிரணும். போகலன்னா பிரிட்ஜை விட்டுட்டு நட்டு பொழியையும் தேஞ்ச ஃபிரெட்டையும் பாருங்க. கம்பி உசரம் பன்னெண்டாம் ஃபிரெட்டுல ஒன்றரையிலேருந்து ரெண்டு மில்லிக்குள்ள இருந்தாப் போதும், அதுக்கும் கீழ இறக்குனா என்ன பிரிட்ஜ் போட்டாலும் அடிக்கத்தான் செய்யும்.

காரைக்குடி மாணவர்: நான் கர்நாடக சங்கீதம் எலக்ட்ரிக் மாண்டலின்ல கத்துக்கிறேன், அஞ்சு கம்பி. பழைய செகண்ட் ஹேண்ட் வாத்தியம். பிரிட்ஜ் மாத்துனா நாதம் நல்லா வருமா அண்ணே?

பதில்: உங்க வாத்தியம் கட்டி மரம் தம்பி, உள்ள கூடு இல்ல. 1969-ல ஆந்திராவுல பாலகொல்லுவுல பொறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சின்ன வயசுலயே இந்த எலக்ட்ரிக் மாண்டலினைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தப்ப ஜோடிக் கம்பியை எடுத்துட்டு ஒத்தைக் கம்பி போட்டதே கமகத்துக்காகத்தான் (கம்பியை இழுத்து சுரத்தை அசைக்கிறது), ரெண்டு கம்பியைச் சேத்து இழுத்தா ரெண்டும் ஒரே அளவு ஏறாது. அப்புறம் அஞ்சாவது கம்பியும் சேத்துக்கிட்டாரு. இந்த வாத்தியத்துல சத்தத்தைத் தீர்மானிக்கிறது பிக்கப் (கம்பியோட ஆட்டத்தை மின்சாரமா மாத்துற சாமான்), கம்பி, ஆம்ப்ளிஃபையர், வாசிக்கிற கை. பிரிட்ஜ் மாத்துனா மேல சொன்ன அளவுக்கு வித்தியாசம் எதிர்பாக்காதீங்க.

ஆனா ஒரு விஷயத்துல பிரிட்ஜ் உங்களுக்கு மத்தவங்களைவிட முக்கியம். நீங்க கம்பியைப் பக்கவாட்டுல இழுக்குறீங்க. பொழியோட விளிம்பு சொரசொரப்பா இருந்தா இழுத்து விட்ட கம்பி பழைய இடத்துக்குத் திரும்பாது, காந்தாரத்தை அசைச்சு முடிச்சதும் ஷட்ஜம் இறங்கி நிக்கும். கம்பியும் அதே இடத்துல அடிக்கடி அறும். பிரிட்ஜ்கிட்ட அறுந்த கம்பியை எடுத்து முனையைப் பாருங்க, அங்க நசுங்குன தடம் இருந்தா பொழிதான் காரணம். 600 நம்பர் தண்ணி உப்புத்தாளை மெல்லிசாச் சுருட்டி, இல்ல பழைய சுத்துக்கம்பித் துண்டையே பொழியில இழுத்து வழவழப்பாக்குங்க. புது பிரிட்ஜுக்கு வெச்சிருக்கிற காசை நல்ல கம்பிக்குப் போடுங்க.

பொன்னமராவதி வாசகர்: செதுக்கு மாண்டலினுக்குப் புது பிரிட்ஜ் போட்டு, காலும் நல்லாப் பொருத்தி, சித்திரை மாசம் அருமையா இருந்துச்சு. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் கம்பி உசந்துருச்சு, சத்தமும் வேற மாதிரி. திரும்ப காலைத் தேய்க்கணுமா?

பதில்: தேய்க்காதீங்க. ஈரக்காத்துல மரம் ரேகைக்குக் குறுக்க உப்பும், மேல்பலகை மேடா எழும்பும், கம்பி உசரும், தை பொறந்து காத்து காய ஆரம்பிச்சா தானா இறங்கும். நம்ம பக்கத்து வெயிலுக்கும் அந்த ரெண்டு மாச மழைக்கும் உள்ள வித்தியாசம் மரத்துக்கு ரொம்ப ஜாஸ்தி. திருகு பிரிட்ஜ் வெச்சிருக்கிறவங்க கம்பியைத் தளத்திட்டு சக்கரத்தைச் சத்தே இறக்கிக்கலாம். ஒரே துண்டு பிரிட்ஜுன்னா மழைக்கு ஒண்ணு வெயிலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வெச்சுக்கிறது உத்தமம், ரெண்டாவதுக்கு பெரிய செலவில்ல. எவ்வளவு உசந்துச்சுன்னு அளந்து எழுதி வைங்க, அடுத்த வருஷம் எது எப்ப போடணும்னு தெரிஞ்சிரும்.

அதோட பிரிட்ஜ் நேரா நிக்கிதான்னு பாருங்க. மழையில சுருதி இறங்கி ஏறின்னு நீங்க கீயைத் திருப்பிக்கிட்டே இருப்பீங்க, ஒவ்வொரு தடவையும் கம்பி பிரிட்ஜோட தலையைக் கழுத்துப் பக்கம் கொஞ்சம் இழுக்கும். பக்கவாட்டுலேருந்து பாத்தா பிரிட்ஜோட பின்பக்கம் பலகைக்கு செங்குத்தா நிக்கணும். சாஞ்சிருந்தா ரெண்டு கையாலயும் பிரிட்ஜைப் பிடிச்சு, கட்டை விரலால கழுத்துப் பக்கத்துலேருந்து தலையை மெதுவாப் பின்னாடி தள்ளுங்க. இதைக் கவனிக்காம விட்டா சாஞ்ச நிலையிலேயே சேடில் வளைஞ்சிரும், பொருத்துன காலும் முன் விளிம்புல மட்டும் நிக்கும், சத்தம் மாறுனதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். கம்பி மாத்துறப்பவும் எட்டையும் ஒண்ணாக் கழட்டாம ஜோடி ஜோடியா மாத்துங்க, பிரிட்ஜ் இடம் நகராது.

புதுவயல் வாசகர்: புது பிரிட்ஜ் போட்டாச்சு, நல்லா இருக்கு. பழசை என்ன பண்றது? விரிசல் விட்டது.

பதில்: தூக்கிப் போடாதீங்க. ஒரு கவர்ல போட்டு, எந்த வாத்தியத்துலேருந்து எடுத்தது, எப்ப எடுத்ததுன்னு எழுதி மாண்டலின் பெட்டிக்குள்ளயே வைங்க. நாளைக்கு விக்கிறதா இருந்தா அசல் பிரிட்ஜ் கூட இருக்கிற பழைய மாண்டலினுக்குத்தான் மதிப்பு. அதைவிட முக்கியம், கம்பி இடைவெளி, உசரம், கால் வளைவு எல்லாம் அதுலதான் இருக்கு, புதுசு எப்பவாச்சும் உடைஞ்சா செய்யிற ஆளுக்கு அதுதான் அளவு.  பழைய பருத்தித் துணியில சுத்தி வைங்க.